மறைந்த மாமனாரின் பெயரா, மனத்தில் வளர்ந்த பெயரா: மகனுக்கு எந்தப் பெயர் என்பதில் எப்படி உடன்படுவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். மகன் பிறந்து மூன்று வாரம் ஆகிறது. சென்ற ஆண்டு மறைந்த தன் தந்தையின் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று கணவர் சொல்கிறார். உங்களுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை; கர்ப்பகாலம் முழுவதும் ‘நிலவன்’ என்றே மனத்துக்குள் கூப்பிட்டு வந்திருக்கிறீர்கள். இடைவழியாக வேறு பல பெயர்களையும் சொல்லிப் பார்த்துவிட்டீர்கள். எதையும் அவர் வேண்டாம் என்று மறுக்கவில்லை, ‘பார்க்கலாம்’ என்று மட்டும் சொல்கிறார். பெயரைப் பதிவு செய்ய வேண்டிய நாள் நெருங்குகிறது. ‘யார் விட்டுக்கொடுப்பது?’ என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களிடம் பெயர்களுக்குப் பஞ்சம் இல்லை என்பது தெரிகிறது. உங்களுக்குத் தேவைப்படுவது, பத்து ஆண்டு கழித்தும் இருவரில் ஒருவர் ‘அன்று என் பேச்சு எடுபடவில்லை’ என்று நினைக்காதபடி இதை முடிக்கும் வழி. அந்தக் கேள்விக்குத்தான் பதில் எழுதுகிறேன்.

தம்பதியருக்கிடையே சமரசம் பேசுவது என் தொழில். பல ஆண்டுகளாகச் செய்கிறேன். பெயர்ப் பிரச்சினைக்காக மட்டும் யாரும் என்னிடம் வருவதில்லை. வேறொன்றுக்காக வருவார்கள், நடுவில் ‘குழந்தைக்குப் பெயர் வைக்கும்போதே இப்படித்தான்’ என்று ஒருவர் ஆரம்பிப்பார். அந்தக் காயம் அவ்வளவு நாள் ஆறாமல் இருப்பதைப் பலமுறை பார்த்ததால் இதைச் சிறிய விஷயம் என்று தள்ள மாட்டேன். ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். உங்கள் பக்கத்தை மட்டுமே கேட்டிருக்கிறேன். கணவர் இதே நிகழ்வுகளை எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார்.

முதலில் அவசரத்தைக் கொஞ்சம் தணிப்போம். பெயரில்லாமல் சில வாரங்கள் இருப்பதால் குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. 1995-ல் மேண்டல், ஜூசிக், பிசோனி ஆகிய மூன்று ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகள் ஏறத்தாழ நான்கரை மாத வயதில் தங்கள் பெயரின் ஓசையை மற்றப் பெயர்களிலிருந்து பிரித்தறிந்து, அதைக் கூடுதல் நேரம் கவனித்துக் கேட்டன. மூன்று வாரக் குழந்தைக்கு உங்கள் குரல் தெரியும், பெயர் தெரியாது. அதனால் இப்போது இருக்கும் நெருக்கடி சட்டம் தரும் நெருக்கடியும் உறவினர் தரும் நெருக்கடியும்தான். சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. ஐ.நா.வின் 1989-ஆம் ஆண்டு குழந்தை உரிமை உடன்படிக்கையின் ஏழாவது பிரிவு, பிறந்தது முதல் பெயருக்கு உரிமை உண்டு என்கிறது. எத்தனை நாளுக்குள் என்பதை ஒவ்வொரு நாடும் தானே வகுத்துக்கொள்கிறது. பிரான்சில் பிறப்பை ஐந்து நாட்களுக்குள் பதிய வேண்டும். ஜெர்மனியில் பிறப்பை ஒரு வாரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பெயர் முடிவாகவில்லை என்றால் அதற்கு ஒரு மாதம் வரை இடமுண்டு. இங்கிலாந்தில் பதிவுக்கு 42 நாள். பதிந்த பிறகும் 12 மாதத்துக்குள் முதற்பெயரை ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். இந்தியாவில் 21 நாட்களுக்குள் பிறப்பைத் தெரிவித்துவிட்டால், பெயரை 12 மாதம் வரை கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதன்பின் தாமதக் கட்டணத்துடன் 15 ஆண்டு வரை வழியிருக்கிறது. நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. நாளைக் காலையில் செய்ய வேண்டிய முதல் வேலை, பிறப்பைப் பதியக் கெடு என்ன, பெயரைச் சேர்க்கக் கெடு என்ன என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்வது. இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு தேவையில்லாமல் அலறும் பெற்றோர் நிறையப் பேர்.

அடுத்து, உங்கள் இருவருக்கும் அவரவர் பெயரே ஏன் இவ்வளவு சரியாகப் படுகிறது என்பதைப் பார்ப்போம். ஒன்றை அடிக்கடி கேட்டாலே அதன்மேல் விருப்பம் கூடுகிறது என்பதை 1968-ல் ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் காட்டினார். அதற்குப் பிறகு பலர் பலவிதமாகச் சோதித்தும் நின்ற முடிவு அது. நீங்கள் மாதக்கணக்கில் ‘நிலவன்’ என்று கூப்பிட்டிருக்கிறீர்கள். கணவர் தன் தந்தையின் பெயரை வாழ்நாள் முழுவதும் கேட்டிருக்கிறார். உங்கள் பெயர் அவர் காதில் மூன்று வாரமாகத்தான் விழுகிறது, அதுவும் வாக்குவாதத்தின் நடுவில் விழுகிறது. இதையொட்டி இன்னொரு கண்டுபிடிப்பும் உண்டு: 1985-ல் பெல்ஜியத்தைச் சேர்ந்த யோசெஃப் நட்டின், மனிதர்கள் தங்கள் சொந்தப் பெயரில் உள்ள எழுத்துகளை மற்ற எழுத்துகளைவிட அதிகம் விரும்புகிறார்கள் என்று காட்டினார். ஆக ‘இந்தப் பெயர்தான் இவனுக்குப் பொருந்துகிறது’ என்ற உறுதியில் கணிசமான பகுதி பழக்கம்தான். பழக்கம் என்பதால் அந்த உணர்வு பொய்யாகிவிடாது. ஆனால் இன்று அந்நியமாக ஒலிக்கும் ஒரு பெயர் இரண்டு மாதத்தில் நெருக்கமாகிவிடும் என்பதும் அதே கண்டுபிடிப்பிலிருந்தே வருகிறது. எதையாவது விட்டுக்கொடுக்கும் நிலை வந்தால் அந்த இழப்பு நீங்கள் இப்போது அஞ்சும் அளவுக்கு இருக்காது.

இனிச் சிக்கலின் நடுப்பகுதிக்கு வருகிறேன். தந்தை இறந்து ஓர் ஆண்டுகூட ஆகாத நிலையில் ஒருவர் மகனுக்குத் தந்தையின் பெயரைக் கேட்கிறார் என்றால், அவர் கேட்பதில் பாதிதான் பெயர். மற்றப் பாதி என்ன என்பதை நீங்கள் இன்னும் கேட்கவில்லை என்று உங்கள் கடிதம் சொல்கிறது. ‘பழைய பெயர், இவனைப் பள்ளியில் கேலி செய்வார்கள்’ என்று நீங்கள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொன்னது பெயரைப் பற்றி. அவர் காதில் விழுந்தது தந்தையைப் பற்றிய ஒரு தீர்ப்பாக இருக்கலாம். ஆண் குழந்தை விஷயத்தில் இந்தச் சிக்கல் கூடுதலாக வருவதற்கும் காரணம் உண்டு. குடும்பத்தாரின் பெயரைச் சூட்டும் போக்கு பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடமே அதிகம் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ஆலிஸ் ராஸி 1965-லேயே எழுதியிருக்கிறார். மகள் பிறந்தால் அழகான பெயரைத் தேடுகிறார்கள், மகன் பிறந்தால் தலைமுறைக் கணக்கை எடுக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை, ஆனாலும் இருக்கிற வழக்கம் இதுதான்.

விவரங்களை மாற்றி ஒன்றைச் சொல்கிறேன். இதேபோல் தாத்தாவின் பெயரில் பிடிவாதமாக இருந்த ஒருவரிடம், ‘இந்தப் பெயரை வைக்காவிட்டால் என்ன ஆகும் என்று பயப்படுகிறீர்கள்?’ என்று கேட்டேன். நீண்ட நேரம் யோசித்துவிட்டு, ‘அம்மா எதிர்பார்த்துக் காத்திருக்கிறார், அண்ணன் தன் மகனுக்கு வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை என்றால் அப்பாவை எல்லோரும் மறந்துவிட்டதாக அம்மா நினைப்பார்’ என்றார். அவருக்கே அந்தப் பெயரின் ஓசை அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. அந்தப் பெயரை இரண்டாம் பெயராகச் சேர்ப்பதில் தாய்க்கும் நிறைவு, அவருக்கும் நிம்மதி. வேறொருவருக்கு இதே கேள்விக்கு வேறு பதில் வந்தது: ‘வீட்டில் அந்தப் பெயர் மறுபடி ஒலிக்க வேண்டும், அவ்வளவுதான்.’ இவருக்கு இரண்டாம் பெயர் எந்த விதத்திலும் உதவாது. காகிதத்தில் இருக்கும் பெயர் வீட்டில் ஒலிக்காது. உங்கள் கணவர் இதில் எந்த வகை என்பதை என்னால் ஊகிக்க முடியாது, நீங்களும் ஊகிக்காதீர்கள். கேளுங்கள். கேட்கும்போது ‘ஏன்’ என்று தொடங்க வேண்டாம், அது விசாரணைபோல ஒலிக்கும். ‘அப்பாவிடம் இருந்த எது இவனிடம் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறாய்?’ என்று கேட்டுவிட்டு, அன்று பெயரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் இருங்கள்.

பதில் கிடைத்துவிட்டால் வழிகள் தாமாகத் திறக்கும். பெயரை அப்படியே இரண்டாம் பெயராக வைக்கலாம். அதன் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளலாம்: வேலாயுதத்திலிருந்து வேலன், தமிழரசனிலிருந்து அரசன். பொருளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: சுந்தரம் எழிலன் ஆகலாம், பாஸ்கரன் ஆதவன் ஆகலாம். முதல் எழுத்தை மட்டும் தொடர்வதையும் சிலர் செய்கிறார்கள். அது மிக மெல்லிய இழை, பெரும்பாலும் கொடுப்பவருக்குத்தான் திருப்தி, பெறுபவருக்கு இல்லை. வீட்டுக்கு ஒரு பெயர், ஆவணத்துக்கு ஒரு பெயர் என்று பிரிப்பதும் உண்டு. ஆனால் எது எங்கே என்பதை இப்போதே பேசி முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பள்ளியில் சேர்க்கும் நாளில் அதே சண்டை மறுபடி வரும். பெயர்களைச் சேர்த்துக்கொண்டே போகவும் வேண்டாம். கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரியில் முழுப்பெயருக்கு உள்ள இடம் 39 எழுத்துக்குறிகள், அதற்குமேல் போனால் வெட்டுப்படும். தாத்தா பெயர், தாய் விரும்பிய பெயர், குடும்பப் பெயர் என்று மூன்றையும் கோத்தால் அந்த எல்லையை எளிதாகத் தொட்டுவிடலாம்.

இதே கேள்வியை உங்களிடமும் கேட்க வேண்டும். ‘நிலவன்’ என்ற பெயரில் உங்களுக்கு வேண்டியது எது? அதன் ஓசையா, பொருளா, அல்லது சுமந்த மாதங்களில் உங்களுக்கும் அவனுக்கும் மட்டுமே தெரிந்திருந்த ஓர் உறவா? மூன்றாவது என்றால் அது ஆவணத்தில் ஏற வேண்டியதே இல்லை. நீங்கள் கூப்பிடும் பெயராக அது எப்போதும் இருக்கலாம், அதை யாரும் பறிக்க முடியாது. ஓசைதான் என்றால் அதற்கு அருகில் வேறு பெயர்கள் கிடைக்கும். மற்றொன்றும் இருக்கக்கூடும்: கணவரின் குடும்பத்துப் பெயரெல்லாம் ஏற்கெனவே குழந்தைக்குச் சேர்ந்துவிட்டது, என் பங்கு எங்கே என்ற கேள்வி. அது மிக நியாயமான கேள்வி. ஆனால் அதை அந்த வார்த்தைகளிலேயே கேட்க வேண்டும். ‘பெயர் பழையதாக இருக்கிறது’ என்ற உடையை அதற்குப் போட்டால் அவர் உடைக்குத்தான் பதில் சொல்வார்.

‘பார்க்கலாம்’ என்ற பதிலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். சமரசப் பேச்சில் என்னை அதிகம் சோதிப்பவர் கத்துகிறவர் அல்லர். கத்துகிறவர் என்ன நினைக்கிறார் என்றாவது தெரியும். ‘பார்க்கலாம்’ என்பவர் மறுப்புரிமையைப் பயன்படுத்திவிட்டு அதற்குப் பொறுப்பேற்காமல் நகர்ந்துவிடுகிறார். நீங்கள் அடுத்த பெயரைத் தேடிக்கொண்டு வர, அவர் மறுபடி நகர, ஒரு கட்டத்தில் களைத்துப்போய் நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்கள். இதில் தீய எண்ணம் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. உங்களைப் புண்படுத்தத் தயங்குகிறவரும், துக்கத்தில் இருப்பவரும், உண்மையிலேயே முடிவெடுக்கத் திணறுகிறவரும் இதே வார்த்தையைச் சொல்வார்கள். காரணம் எதுவாயினும் மருந்து ஒன்றுதான்: ‘பார்க்கலாம்’ என்பதற்கு ஒரு நாள் குறியுங்கள். ‘சரி, ஞாயிறு வரை பார். அன்று ஆம் அல்லது இல்லை என்று சொல். இல்லை என்று சொல்வதில் எனக்கு வருத்தம் இல்லை’ என்று சொல்லுங்கள். கடைசி வாக்கியம் முக்கியம், அதைச் சொன்னால் அதன்படி நடந்துகொள்ளவும் வேண்டும். அவர் துணிந்து இல்லை என்று சொன்ன அன்று உங்கள் முகம் சுண்டினால், அடுத்த முறை மறுபடி ‘பார்க்கலாம்’தான் வரும்.

இப்போது நான் நடைமுறையில் பயன்படுத்தும் முறை. இருவரும் தனித்தனியாக உட்கார்ந்து ஆளுக்குப் பத்துப் பெயர் எழுதுங்கள். தந்தையின் பெயரும் நிலவனும் அதில் இருக்கலாம், ஆனால் மற்ற ஒன்பதையும் உண்மையான விருப்பத்தோடு எழுத வேண்டும், இடத்தை நிரப்ப எழுதக் கூடாது. பிறகு தாள்களை மாற்றிக்கொண்டு, மற்றவர் எழுதிய ஒவ்வொரு பெயருக்கும் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் இடுங்கள். அந்த நேரத்தில் பேச்சு வேண்டாம். மதிப்பெண்களைக் கூட்டிப் பார்ப்பதுதான் பலர் செய்யும் தவறு. ஒருவருக்குப் பத்து, மற்றவருக்கு மூன்று என்றால் மொத்தம் 13; இருவருக்கும் ஆறரை என்றாலும் 13. கணக்கில் சமம், வாழ்க்கையில் சமம் அல்ல. முதல் பெயரில் ஒருவர் தினமும் தோற்கிறார். ஒவ்வொரு பெயருக்கும் கிடைத்த இரண்டு மதிப்பெண்களில் குறைவானது எது என்று பாருங்கள். அந்தக் குறைந்த மதிப்பெண் எந்தப் பெயருக்கு அதிகமோ அதுதான் உங்கள் பெயர், அல்லது அதற்குப் பக்கத்தில் இருப்பது. அது பெரும்பாலும் இருவரின் பட்டியலிலும் முதலில் இருக்காது. மூன்றாவதாகவோ ஐந்தாவதாகவோ இருக்கும். இருவருக்கும் முதல் விருப்பமான பெயர் என்று ஒன்று எங்கோ இருக்கிறது, தேடினால் கிடைத்துவிடும் என்ற எண்ணத்தை இருவரும் கைவிட்ட அன்றுதான் பேச்சு நகரத் தொடங்குகிறது.

மறுப்புரிமை இருவருக்கும் முழுமையாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒருவருக்கு ஒரு பெயர் வேண்டவே வேண்டாம் என்றால் அதற்குக் காரணம் கேட்கக் கூடாது. பள்ளியில் தன்னை அடித்தவனின் பெயராக இருக்கலாம், பழைய காதலனின் பெயராக இருக்கலாம். அதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. ஆனால் உரிமையோடு ஒரு கடமையும் வர வேண்டும்: ஒரு பெயரை அடித்தவர் பதிலுக்கு ஒரு பெயரைக் கொண்டுவர வேண்டும். தேடும் வேலை முழுவதும் ஒருவர் தலையில், நிராகரிக்கும் வேலை முழுவதும் மற்றவர் கையில் என்ற ஏற்பாடு நியாயமானதல்ல. உங்கள் வீட்டில் இப்போது அப்படித்தான் நடக்கிறது என்று தோன்றுகிறது. இதன்படி மாமனார் பெயரை மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. நிலவனை மறுக்கும் உரிமை அவருக்கும் உண்டு. ‘பத்து மாதம் சுமந்தது நான்’ என்பது பெரிய உண்மை, அதற்கு எடை கொடுக்கவே வேண்டும். ஆனால் அதை முடிவான வாதமாக வைத்தால் அவருக்குப் பேச வழியில்லை, பேச வழியில்லாதவர் சம்மதிப்பதில்லை, மௌனமாகிவிடுவார். இன்னொரு சிறு விஷயம்: இரவு இரண்டு மணிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது இதைப் பேசாதீர்கள். தூக்கம் இல்லாத இருவர் எதைப் பேசினாலும் அது சண்டையாகத்தான் முடியும்.

இரண்டு மூன்று பெயர்கள் மிஞ்சியதும் சோதித்துப் பாருங்கள். தாளில் அழகாக இருக்கும் பெயர் வாயில் வேறு மாதிரி இருக்கும். ஒரு பெயரைத் தேர்ந்து, இரண்டு நாள் முழுவதும் குழந்தையை அதைச் சொல்லியே கூப்பிடுங்கள். அடுத்த அறையிலிருந்து உரக்கக் கூப்பிடுங்கள். அதட்டிப் பாருங்கள், தந்தையின் பெயரைச் சூட்டிவிட்டு, ‘டேய்’ என்று சேர்த்துக் கூப்பிடவோ திட்டவோ நாக்கு வராமல் திணறும் அப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் கணவரும் இதை ஒருமுறை செய்து பார்க்கட்டும். தமிழில் ஒரு கூடுதல் சோதனையும் தேவை. ‘அன்’ என்று முடியும் பெயர்கள் விளிக்கும்போது ‘ஆ’ என்று மாறும். தொல்காப்பியத்தின் விளிமரபே சொல்லும் பழைய விதி இது. நிலவன் நிலவா ஆவான், ஆதவன் ஆதவா ஆவான், சிக்கல் இல்லை. அமுதன் என்று வைத்தால் கூப்பிடும்போது அமுதா. தெருவில் மூன்று பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இது குறையா வேடிக்கையா என்பது உங்கள் விருப்பம், ஆனால் பதிவதற்கு முன் தெரிந்திருப்பது நல்லது. பெயரோடு வேற்றுமை உருபு சேரும்போது என்ன ஆகிறது, தொலைபேசியில் ஒருமுறை சொன்னால் புரிகிறதா, முழுப்பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஏடாகூடமான சொல் ஏதும் வருகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் என்று இருவரில் யாராவது வாதிட்டால் நான் சொல்வது இது. சில விஷயங்கள் உறுதி. 2004-ல் பெர்ட்ராண்ட், முல்லைநாதன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் பாஸ்டனிலும் சிகாகோவிலும் வந்த வேலை விளம்பரங்களுக்கு ஒரே தரத்தில் கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். வெள்ளையர் பெயராக ஒலித்தவற்றுக்குக் கறுப்பினத்தவர் பெயராக ஒலித்தவற்றைவிட ஏறத்தாழ 50 சதவீதம் அதிக அழைப்பு வந்தது. இது பாகுபாட்டின் சான்று. பெயரின் ஓசைக்குத் தனிச் சக்தி இருப்பதாக இதைக் கொண்டு யாரும் வாதாட முடியாது. ஒருவரின் பெயர் அவர் தொழிலையும் வசிக்கும் ஊரையும்கூடப் பாதிக்கிறது என்று 2002-ல் வெளிவந்த ஆய்வு பெரிதாகப் பேசப்பட்டது. 2011-ல் யூரி சைமன்சன் அந்தத் தரவுகளை மறுபடி ஆராய்ந்து, அந்தத் தொடர்புகளுக்கு வேறு எளிய விளக்கங்கள் இருப்பதைக் காட்டினார். அதனால் அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். ‘முகத்தைப் பார்த்தால் பெயர் தோன்றும்’ என்றும் சிலர் சொல்வார்கள். பெரியவர்களின் முகத்தைக் கொண்டு அவர்கள் பெயரைத் தற்செயலைவிடக் கூடுதலாக ஊகிக்க முடிகிறது என்று 2017-ல் ஓர் ஆய்வு வந்தது. ஆனால் அதே குழுவினர் 2024-ல் குழந்தைகளின் முகங்களை வைத்துச் சோதித்தபோது அப்படி எந்தப் பொருத்தமும் தென்படவில்லை. மூன்று வார முகத்தில் பெயரைத் தேட வேண்டாம்.

கேலிக்கு ஆளாகும் என்ற உங்கள் அச்சம் முழுவதும் ஆதாரமற்றதல்ல. சொல்ல எளிதான பெயர்களையும் அப்பெயர் உடையவர்களையும் மக்கள் சற்றே கூடுதலாக விரும்புவதாக 2012-ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் பழைய பெயர் என்பதும் சொல்லக் கடினமான பெயர் என்பதும் ஒன்றல்ல. மேலும் இன்று வகுப்பறையில் பெயர்கள் முன்பைவிடச் சிதறிக் கிடக்கின்றன. அமெரிக்காவின் பதிவுகளில் இது தெளிவாகத் தெரிகிறது: 1880-ல் பிறந்த ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு எட்டுப் பேர் ஜான்; சமீப ஆண்டுகளில் முதலிடத்தில் இருக்கும் லியாம் நூற்றுக்கு ஒருவர்தான். எல்லோரும் தனித்தனிப் பெயரோடு வரும் வகுப்பில் தாத்தா காலத்துப் பெயர் ஒன்று பெரிதாகத் துருத்திக்கொண்டு நிற்காது. எனவே அந்தப் பெயரை மறுப்பதானால் ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்றே சொல்லுங்கள். அதுவே போதுமான காரணம்.

உறவினர் விஷயத்தில் என் ஆலோசனை சுருக்கமானது. முடிவாகும்வரை எந்தப் பெயரையும் வெளியே சொல்லாதீர்கள். முடிவான பின் அறிவிப்பாகச் சொல்லுங்கள், கருத்துக் கேட்காதீர்கள். தயாரிப்பில் இருக்கும் பெயரை எல்லோரும் விமர்சிப்பார்கள், சூட்டிய பெயரைப் பெரும்பாலோர் வாழ்த்திவிட்டுப் போவார்கள். மாமியாரிடம் மட்டும் கணவர் முன்கூட்டியே தனியாகப் பேசட்டும். அது அவர் செய்ய வேண்டிய வேலை, உங்களுடையதல்ல.

இதற்குப் பிறகும் இரண்டு பெயரில் தட்டி நின்றால், ஒருவர் தனக்குச் சம்மதமான மூன்று பெயரைக் கொடுக்கட்டும், மற்றவர் அதிலிருந்து ஒன்றை எடுக்கட்டும். கொடுப்பவர் மூன்றையும் நேர்மையாகத் தேர்ந்தாக வேண்டும், ஏனென்றால் எது எடுக்கப்படும் என்று அவருக்குத் தெரியாது. உங்கள் நிலையில் கணவர் கொடுப்பவராகவும் நீங்கள் எடுப்பவராகவும் இருப்பதே நல்லது. இதுவரை பெயர் கொண்டுவராதவர் அவர். இருவருமே ஏற்கும் இரண்டு பெயர்களுக்கிடையே நாணயத்தைச் சுண்டுவதிலும் தவறில்லை. ஒருவர் ஏற்காத பெயர் அதில் இருந்தால் சுண்டாதீர்கள். ‘இவனுக்கு நீ, அடுத்த குழந்தைக்கு நான்’ என்ற ஒப்பந்தத்தை நான் ஆதரிப்பதில்லை. அடுத்தது பிறக்காமல் போகலாம். பிறந்தால் இந்த ஒப்பந்தத்தை இருவரும் வெவ்வேறு மாதிரி நினைவில் வைத்திருப்பார்கள்.

ஒன்றை நேராகக் கேட்கிறேன், பதிலை எனக்கு எழுத வேண்டாம், நீங்கள் மட்டும் யோசியுங்கள். வீடு, வேலை, பணம் ஆகிய விஷயங்களிலும் நீங்கள் யோசனை சொல்ல, அவர் ‘பார்க்கலாம்’ என்று தள்ள, கடைசியில் அவர் நினைத்ததே நடக்கிறதா? ஆம் என்றால் மேலே சொன்ன முறைகள் பெயரை முடித்துத் தரும், ஆனால் சிக்கல் அப்படியே இருக்கும். அதற்கு இருவரும் சேர்ந்து ஓர் ஆலோசகரைப் பார்ப்பது நல்லது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும்தான் இப்படி என்றால், துக்கம் என்ற விளக்கமே எனக்கு அதிகம் பொருந்துவதாகப் படுகிறது. அப்படியானால் பெயரை இன்னும் சில வாரம் தள்ளிப்போடவே சொல்வேன், சட்டம் இடம் தந்தால். குழந்தை பிறந்த பின் உங்களுக்கே அழுகையும் சோர்வும் விடாமல் இருந்தால், பெயருக்கு முன்பாக மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள்.

பெயர் முடிவானதும் படிவத்தை நிரப்புவதற்கு முன் ஆங்கில எழுத்துக்கூட்டலையும் இருவரும் சேர்ந்தே முடிவு செய்யுங்கள். எழிலன், முகிலன், ஆதவன் எல்லாமே இரண்டு மூன்று விதமாக எழுதப்படும் பெயர்கள். மருத்துவமனைச் சீட்டில் ஒன்று, பிறப்புச் சான்றிதழில் ஒன்று என்று ஏறிவிட்டால் பிறகு அலைச்சல்தான். ‘ழ’ இருக்கும் பெயர் என்றால் அதை எந்த எழுத்தால் குறிப்பது என்று இருவரும் கையால் எழுதிப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்து, அந்தத் தாளையே பதிவு அலுவலகத்துக்கு எடுத்துப் போங்கள். அங்கே அச்சிட்டுக் காட்டும் படியை ஒருவர் படிக்க மற்றவர் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.